குறுக்கெழுத்தில் ‘படி’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு எழுத என்ன இருக்கிறது?

குறுக்கெழுத்துப் புதிரை வாரம் தவறாமல் போடுகிறவர்களுக்கு, அதாவது விடை கண்டு நிரப்புகிறவர்களுக்கு, இந்தச் சந்தேகமே வராது. இரண்டே கட்டம். ஒன்றில் ‘ப’, இன்னொன்றில் ‘டி’. எத்தனையோ முறை எழுதிய சொல்தான். ஆனாலும் அடுத்த முறை வரும்போது நம்மை மறுபடி திணறவைக்கும். ஒரு வாரம் மாடிக்கு ஏற்றிவிடும், அடுத்த வாரம் நெல் அளக்கும், அதற்கும் அடுத்த வாரம் சம்பளப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

புதிர் போடவும் அமைக்கவும் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘படி’யை ஒழுங்காகப் பழகிக்கொண்டால், பல பொருள் தரும் மற்ற சொற்களையும் அதே வழியில் பிடித்துவிடலாம். அதனால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

‘படி’க்கு என்னென்ன பொருள் உண்டு?

முதலில் பெயர்ச்சொல். ஏறி இறங்கும் படி எல்லோருக்கும் தெரியும். வாசற்படி, மாடிப்படி, நிலைப்படி எல்லாம் அதன் வீட்டுப் பிள்ளைகள். ‘ஒரு படி மேலே போய்’ என்று பேசுகிறோமே, அங்கே அது நிலை, தரம். அடுத்து முகத்தல் அளவை, அதாவது நாழி. அதை அளக்கும் பாத்திரத்துக்கும் அதே பெயர். பிறகு நகல்: கையெழுத்துப் படி, அச்சுப்படி, மூலப்படி. சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகையும் படிதான். பயணப்படி, அகவிலைப்படி இரண்டும் புதிர்களில் அடிக்கடி தலைகாட்டும். கணக்குப் பாடத்தில் பல்லுறுப்புக் கோவைக்கும் படி உண்டு. இருபடிச் சமன்பாட்டில் இருப்பது அதுதான். பழைய இலக்கியத்தில் படி என்றால் நிலம், உலகம்.

இனி வினை. புத்தகத்தைப் படிக்கிறோம், பாடம் படிக்கிறோம். தூசி படிகிறது, கறை படிகிறது, பேரம் படிகிறது. சீவினால் தலைமுடி படிகிறது, மலைமேல் மேகம் படிகிறது. செய்யுளில் நீராடுவதையும் படிதல் என்பார்கள்.

மூன்றாவதாக, தனியே நிற்காமல் இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘படி’. இதைத்தான் அதிகம் கவனிக்காமல் விடுகிறோம். ‘சொன்னபடி செய்தான்’ என்றால் சொன்ன விதத்தில். ‘பாடியபடி வந்தான்’ என்றால் பாடிக்கொண்டே. ‘எல்லோருக்கும் கேட்கும்படி பேசு’ என்றால் கேட்கிற அளவுக்கு. ஒரே ஒட்டு, மூன்று வேலை. எப்படி, அப்படி, இப்படி என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அவற்றிலும் இருப்பது விதம், முறை என்ற பொருள்தான்.

தூசி படிவதும் பாடம் படிப்பதும் ஒரே சொல்லா?

புதிரைப் பொறுத்தவரை இவற்றை இரண்டு சொல்லாகவே வைத்துக்கொள்ளுங்கள். அகராதிகளும் ‘படிதல்’, ‘படித்தல்’ என்று தனித்தனியாகத்தான் பதிவு செய்கின்றன. பகுதி ஒன்றுபோல இருந்தாலும் காலம் காட்டும்போது பிரிந்துவிடும்:

தூசி படிகிறது, படிந்தது, படியும்.
பெண் படிக்கிறாள், படித்தாள், படிப்பாள்.

‘ந்’ வந்தால் படிதல், ‘த்’ வந்தால் படித்தல். எனவே நான்கு கட்டத்துக்கு மேல் விடை போனால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். ‘படி_தது’ என்று மூன்றாம் கட்டம் மட்டும் காலியாக நிற்கிறது என்றால், குறிப்பு தூசியைப் பற்றியதா பாடத்தைப் பற்றியதா என்று பார்த்தாலே போதும். சிக்கல் இரண்டு கட்ட ‘படி’யில்தான். அங்கே காலம் காட்டும் எழுத்தே இல்லை.

அப்படியென்றால் இரண்டு கட்டக் குறிப்பைப் பார்த்ததும் எதை முதலில் பார்ப்பது?

பெயரா, வினையா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பொருள் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது நூறு மடங்கு உதவும்.

தமிழில் வினையின் பகுதியே ஒருவரிடம் சொல்லும் ஏவலாகவும் இருக்கும். ‘படி’ என்றால் வீட்டின் முன் இருக்கும் கல்லும் உண்டு, ‘புத்தகத்தை எடுத்துப் படி’ என்ற கட்டளையும் உண்டு. புதிர் அமைப்பவர் விளையாடுவது இந்த இடைவெளியில்தான். நல்ல புதிராக இருந்தால் குறிப்பும் விடையும் ஒரே வடிவத்தில் இருக்கும். குறிப்பு ஏவலாக முடிந்தால் விடையும் ஏவல். குறிப்பு பொருளைச் சொன்னால் விடையும் பொருளின் பெயர்.

ஒரு குறிப்பு: ‘கற்றுக்கொள் எனும் அளவு (2)’. அடைப்புக்குள் இருக்கும் எண், விடைக்கு எத்தனை கட்டம் என்பது.

‘கற்றுக்கொள்’ ஏவல். ‘அளவு’ பெயர். இரண்டும் ஒரே சொல்லில் எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போதே, பெயராகவும் வினையாகவும் நிற்கக்கூடிய சொல்லைத் தேடுகிறோம் என்பது புரிந்துவிடும். அந்த வகையில் இரண்டு கட்டச் சொற்கள் அவ்வளவு அதிகம் இல்லை. ‘படி’ வந்து நிற்கும்.

‘நிலம் (2)’ என்ற குறிப்புக்குப் ‘படி’ என்று விடை போட்டிருந்தார்கள். இது நியாயமா?

சொல் நியாயமானது. திருக்குறளிலேயே இருக்கிறது. மடியின்மை அதிகாரத்தில் 606ஆம் குறள்: ‘படியுடையார் பற்றமைந்தக் கண்ணும் மடியுடையார் மாண்பயன் எய்தல் அரிது’. நிலத்தை எல்லாம் உடைய வேந்தரின் துணை தானாக வந்து சேர்ந்தாலும், சோம்பல் உள்ளவர்கள் அதனால் சிறந்த பயன் அடைவது அரிது என்பது கருத்து. ‘படியுடையார்’ என்பதை ‘படிப்பு உடையார்’ என்று நினைத்துக்கொண்டு அந்தக் குறளை வருடக்கணக்கில் தவறாகப் புரிந்துவைத்திருந்தவன் நான். திருத்தியது ஒரு குறுக்கெழுத்துப் புதிர்தான்.

குறிப்பு நியாயமா என்பது வேறு விஷயம். ‘நிலம்’ என்று மட்டும் கொடுத்து 2 என்று போட்டால் மண், புவி, பார், தரை, பூமி, படி என்று ஆறு சொல் வரிசையில் நிற்கும். எல்லாமே இரண்டு கட்டம். குறுக்கே ஓடும் சொற்கள் இரண்டு எழுத்தையும் தராவிட்டால் எதை எழுதுவது? ‘ப’ என்று தொடங்குவது தெரிந்தால் ‘பார்’ விழாது, ஏனென்றால் அதன் முதல் எழுத்து ‘பா’. ‘பு’, ‘பூ’ எல்லாமும் விலகும். தமிழில் ஒரு கட்டத்துக்குள் உயிர்மெய் முழுசாக உட்கார்வதால் கிடைக்கும் வசதி இது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம், ஆக 247 எழுத்தில் ஒன்று உறுதியானால் சந்தேகம் நிறையக் கழிந்துவிடும். அந்த ஓர் எழுத்துகூடக் குறுக்கே கிடைக்காத இடத்தில் இப்படி ஒற்றைச் சொல் குறிப்பு கொடுப்பது தவறு என்றே நினைக்கிறேன்.

அளவைப் பெயர்கள் வரும்போது தடுமாறுகிறேன். எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

படிக்குக் கீழே உள்ள சின்ன அளவுகளின் பெயர்கள் தெரிந்தால் போதும், புதிரில் அவைதான் திரும்பத் திரும்ப வரும். 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி, அதாவது ஒரு படி. ஆக உரி அரைப்படி, உழக்கு கால்படி, ஆழாக்கு அரைக்கால் படி. மேலே போனால் 8 படி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். பெருக்கிப் பார்த்தால் ஒரு கலத்துக்கு 96 படி. வட்டாரத்துக்கு வட்டாரம் படியின் கொள்ளளவு மாறியது உண்டு. புதிருக்கு அந்த வேறுபாடு தேவைப்படாது.

இதில் அழகு என்னவென்றால், இந்தச் சின்னப் பெயர்களும் பல பொருள் தருபவை. ‘உரி’ என்றால் அரைப்படி, தோலை நீக்கு என்ற ஏவலும் அதுவே. ‘அரைக்கால்’ என்றால் எட்டில் ஒரு பங்கு. காலில் பாதி என்றும் கேட்கும். ‘கலம்’ பாத்திரம், கப்பல், அளவு. படியைத் தேடிப் போனால் அதன் உறவுக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

குறிப்பிலேயே ‘படி’ என்று இருந்தால் விடை என்னவாக இருக்கும்?

அப்போது ஆட்டம் திரும்பிவிடுகிறது. ‘படி (2)’ என்றால் வாசி, ஓது, கல், நாழி என்று நான்கு கதவு திறக்கும். மூன்று கட்டமானால் நகல், பிரதி.

‘கல்’ என்பதைக் கொஞ்சம் பாருங்கள். கற்றலின் ஏவல் அது. தரையில் கிடக்கும் கல்லும் அதுதான். ‘கல் (2)’ என்று குறிப்புக் கொடுத்து ‘படி’ என்று விடை வைத்தால், போடுகிறவர் பாறை, குன்று என்று அலைந்துவிட்டுத்தான் வருவார். ‘வாசி’யும் இப்படித்தான், படி என்றும் பொருள், குதிரை என்றும் பொருள். பல பொருள் என்பது விடைக்கு மட்டும் உரிய குணம் இல்லை. குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் அதே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

‘படி’ என்று முடியும் நீளமான சொற்களில் எதை எழுதுவது என்று குழம்புகிறது. ஏதாவது வழி உண்டா?

உண்டு. ‘படி’க்கு முந்தைய கட்டத்தைப் பாருங்கள். அங்கே ‘ப்’ இருக்கிறதா, இல்லையா?

ஐந்து கட்டச் சொற்களை எடுத்துக்கொள்வோம். மாடிப்படி, நிலைப்படி, முறைப்படி: மூன்றிலும் ‘படி’க்கு முன்னால் ‘ப்’ உட்கார்ந்திருக்கிறது. தள்ளுபடி, குளறுபடி, செல்லுபடி, அத்துபடி: எதிலும் ‘ப்’ இல்லை. முன்னால் நிற்பது பெயர்ச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் ‘ப்’ மிகும். தள்ளு, குளறு, செல்லு போல வினையாக இருந்தால் மிகாது. சொன்னபடி, வரும்படி போல எச்சத்தின் பின் வரும்போதும் மிகாது. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் படித்தது இங்கே சோறு போடுகிறது.

‘வாசற்படி’யில் ‘ல்’ ‘ற்’ ஆகிவிடும். ‘மேற்படி’யும் அப்படியே. இதை மறந்து ‘ப்’ எழுதிவிட்டு, மேலிருந்து கீழ் வரும் சொல் பொருந்தாமல் மொத்தத்தையும் அழித்தவர்கள் நிறையப் பேர்.

நான்கு கட்டத்தில் சாகுபடி, மறுபடி, மேற்படி, எப்படி. ஆறில் பயணப்படி, சட்டப்படி. ஏழில் அகவிலைப்படி, மண்டகப்படி. கட்ட எண்ணிக்கையை மட்டும் வைத்தே பாதிப் பேரை வெளியே அனுப்பிவிடலாம்.

ஒரு குறிப்பை எடுத்து முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி. நான் அமைத்த ஒன்று:

‘தள்ளச் சொல்லி, வாசிக்கவும் சொன்னால் விலை குறையும் (5)’.

மேலோட்டமாகப் பார்த்தால் யாரோ எதையோ தள்ளச் சொல்கிறார்கள், படிக்கச் சொல்கிறார்கள், விலை குறைகிறது. காட்சியாக அது கொஞ்சம் வினோதம். அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள். இதுபோன்ற சங்கேதக் குறிப்புகளில் ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். ஒன்று தொடக்கத்தில், இல்லாவிட்டால் முடிவில். இங்கே முடிவில் ‘விலை குறையும்’ என்பது நேர்ப்பொருளாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

மீதி: ‘தள்ளச் சொல்லி’, ‘வாசிக்கவும் சொன்னால்’. தள்ளச் சொல்வது எப்படி? ‘தள்ளு’. அதற்கு மூன்று கட்டம்: த, ள், ளு. வாசிக்கச் சொல்வது? ‘படி’, இரண்டு கட்டம். மூன்றும் இரண்டும் ஐந்து. தள்ளுபடி. விலை குறைவது அதனால்தான்.

இந்த விடையும் தன் பங்குக்கு மூன்று முகம் காட்டும் சொல். விலையில் தள்ளுபடி, நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி, கடன் தள்ளுபடி. ஆகவே அடுத்த வாரம் இதே விடைக்கு ‘நீதிபதி ஏற்காவிட்டால் மனுவின் கதி (5)’ என்றும் குறிப்பு வரலாம்.

எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்தது ‘கீழ்ப்படி’. மாடியிலிருந்து இறங்கும்போது கடைசியாகக் கால் வைப்பதும் கீழ்ப் படி, சொன்ன பேச்சைக் கேள் என்பதும் கீழ்ப்படி. எழுத்துக்கூட மாறுவதில்லை, ‘ப்’ முதற்கொண்டு அப்படியே பொருந்துகிறது. ‘இறங்கும்போது கடைசியில் சொல்பேச்சுக் கேள் (5)’ என்று குறிப்பு எழுதி முடித்த அன்று இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

‘அலுப்படித்தவர் உள்ளே ஏறிச் செல்ல உதவும் (2)’ என்ற குறிப்புக்கு விடை ‘படி’யாம். எங்கிருந்து வந்தது?

குறிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அலுப்படித்தவர் என்பதை எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள்: அ, லு, ப், ப, டி, த், த, வ, ர். நடுவில் ‘ப’வும் ‘டி’யும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ‘உள்ளே’ என்பது அங்கே தேடச் சொல்லும் சைகை. ‘ஏறிச் செல்ல உதவும்’ என்பது நேர்ப்பொருள். உள்ளே, உள்ளத்தில், நடுவில், ஒளிந்த, வயிற்றில் போன்ற சொற்களைப் பார்த்தால் ஒருமுறை எழுத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

‘டி’ இருக்கும் கட்டத்தில் மேலிருந்து கீழ் ஒரு சொல் தொடங்குகிறது. அப்படியானால் ‘படி’ தவறா?

தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். தமிழ்ச் சொல் எதுவும் டகர வரிசையில் தொடங்காது. ‘டி’யில் தொடங்கும் சொல் என்றால் டிசம்பர், டிக்கெட் போன்ற வேற்றுமொழிச் சொல்லாக இருக்க வேண்டும். கீழ்நோக்கிப் போகும் குறிப்பு அப்படி எதையும் கேட்கவில்லை என்றால் ‘படி’யை அழித்துவிட்டு வேறு யோசியுங்கள். ‘டி’ சொல்லின் நடுவிலோ முடிவிலோ வந்தால் பயமே இல்லை. கொடி, நாடி, நொடி, கண்ணாடி, குடிசை என்று தாராளமாக இடம் உண்டு.

‘படி’ வலமிருந்து இடமாக வரும்போது எப்படி எழுதுவது?

எண் வலது கட்டத்தில் இருக்கும். அங்கே ‘ப’, அதற்கு இடப்பக்கம் ‘டி’. அவ்வளவுதான்.

ஒரே புதிரில் ‘படி’ இரண்டு இடத்தில் விடையாக வரலாமா, பொருள்தான் வேறு வேறு ஆயிற்றே?

வரக்கூடாது என்பதுதான் இன்று பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் வழக்கம். ஆனால் முதல் குறுக்கெழுத்திலேயே இது நடந்திருக்கிறது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு புதிரை வெளியிட்டார். குறுக்கெழுத்தின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்கிறார்கள். அதில் புறாவைக் குறிக்கும் ‘டவ்’ என்ற ஆங்கிலச் சொல் இரண்டு இடத்தில் விடையாக வந்தது. ஓர் இடத்தில் குறிப்பு ‘ஒரு பறவை’, இன்னோர் இடத்தில் ‘ஒரு புறா’.

அங்கே பொருள் ஒன்றுதான். ‘படி’யை அளவாக ஓர் இடத்திலும் நகலாக இன்னோர் இடத்திலும் வைத்தால் அது வேறு சுவை. இருந்தாலும் நான் செய்ய மாட்டேன். விடையாக ஒருமுறை வந்த சொல் மறுபடி வராது என்று நம்பித்தான் போடுகிறவர் மீதியை ஊகிக்கிறார். அந்த நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது.

இது பழைய சிலேடைதானே?

நெருங்கிய சொந்தம். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடினார். பாட்டு முழுவதும் இரண்டு பொருளுக்கும் பொருந்தி ஓட வேண்டும். இரட்டுற மொழிதல் என்று அதற்குப் பெயர். குறுக்கெழுத்தில் இரண்டு பொருளும் வந்து சந்திக்கும் இடம் விடைச்சொல் ஒன்றுதான். வேலை சிறியது. ஆனால் சிலேடையில் ஊறிய காதுக்குக் குறிப்பு சட்டென்று பிடிபடும். சின்ன வயதில் அந்த வெண்பாக்களைச் சொல்லிப் பார்த்தவர்கள் புதிரில் வேகமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

எந்த அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்?

இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. பயணப்படி, செல்லுபடி போன்றவை அதில் தெளிவாகக் கிடைக்கும். பழைய பொருள்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது. 1939இல் இணைப்புத் தொகுதியும் வந்தது.

மூன்றாவதாக, நம் மொழியின் பழைய பொக்கிஷமான நிகண்டுகள், அதாவது செய்யுளில் அமைந்த பழைய அகராதிகள். சூடாமணி நிகண்டில் 11ஆம் தொகுதிக்குப் பெயரே ஒருசொற் பல்பொருட்பெயர்த் தொகுதி. இந்தப் பக்கத்தில் நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கென்றே முழுசாக ஒரு தொகுதி. அதைவிடப் பெரிய வசதி, அந்தத் தொகுதி எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கிறது. முதல் எழுத்து தெரியாமல் இரண்டாம் எழுத்து மட்டும் கையில் இருக்கும்போது சாதாரண அகராதி உதவாது. நிகண்டு உதவும். மாணவர்கள் மனப்பாடம் செய்ய எளிதாக இருக்கட்டும் என்று செய்த அடுக்கு, இத்தனை காலம் கழித்துக் குறுக்கெழுத்துக்காரருக்குக் கைகொடுப்பதை நினைத்தால் சிலிர்க்கிறது.

ஓரெழுத்துச் சொல் தேடுகிறவர்கள் நன்னூலையும் மறக்க வேண்டாம். ஓரெழுத்து ஒருமொழி 42 என்று அது எண்ணிச் சொல்கிறது.

நான் புதிர் அமைக்கத் தொடங்கியிருக்கிறேன். பல பொருள் சொல்லுக்குக் குறிப்பு எழுதும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஒரு விடைக்கு மட்டும் வழிவிடுகிறதா என்று பாருங்கள். நான் பட்ட அடியைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒருமுறை ‘படிந்திருப்பது (2)’ என்று குறிப்பு எழுதினேன். என் விடை ‘தூசி’. இரண்டாம் எழுத்துக்குக் குறுக்கே ‘சி’ கிடைக்கும்படி அமைத்திருந்ததால், கறை, மாசு, தூசு எல்லாம் தானாக விலகிவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். வந்த விடைத்தாள்களில் பாதியில் ‘பாசி’ என்று இருந்தது. படித்துறையில் படிந்திருப்பது அதுதானே. அவர்கள் எழுதியதில் எந்தத் தவறும் இல்லை. என் குறிப்பு இரண்டு சொல்லுக்கும் சமமாகக் கதவைத் திறந்து வைத்திருந்தது. ‘துடைத்தாலும் மறுநாள் படிந்திருப்பது’ என்று இரண்டு சொல் கூட்டியிருந்தால் போதும், பாசி நுழைந்திருக்காது.

அப்புறம் வடிவம். ‘ஏறுவது (2)’ என்று எழுதிவிட்டு விடை ‘படி’ என்றால் இலக்கணம் இடிக்கிறது. படி ஏறுவதில்லை, படியில் நாம் ஏறுகிறோம். ‘ஏற உதவுவது’ என்று எழுதுங்கள். சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஏமாற்றுவதற்கும் திசைதிருப்புவதற்கும் இடையே உள்ள கோடு அங்கேதான் இருக்கிறது. விடை தெரிந்ததும் போட்டவர் ‘அட, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்’ என்று நினைக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய பொருளைக் கேட்கிறீர்கள் என்றால் ஒரு சைகை கொடுங்கள். ‘வள்ளுவர் காலத்து நிலம்’ என்றோ ‘புலவருக்கு உலகம்’ என்றோ சொல்லிவிட்டால் போடுகிறவர் எந்த அலமாரியில் தேடுவது என்று தெரிந்துகொள்வார்.

‘படி’க்கு அடுத்து எந்தச் சொற்களைப் பழகலாம்?

‘மா’வில் தொடங்குங்கள்: மரம், விலங்கு, பெரிய, திருமகள், ஓர் அளவு, இன்னும் உண்டு. பிறகு ‘அடி’: பாதம், அளவு, செய்யுளின் வரி, கீழ்ப்பகுதி, அடித்தலின் ஏவல். ‘கலை’யில் பெயர்களும் வினைகளும் பின்னிக்கிடக்கின்றன: ஓவியம் போன்ற கலை, ஆண் மான், ஆடை, நிலவின் பிறை, கலைந்து போ, கலைத்துப் போடு. ‘திங்கள்’ நிலவு, மாதம், கிழமை. ‘மாலை’ பொழுது, பூ. எதிலும் முதல் கேள்வி ஒன்றே, பெயரா வினையா.

பயிற்சிக்குச் சில குறிப்புகள் கிடைக்குமா?

எல்லாம் இந்தப் பக்கத்தில் பார்த்த உறவுக்காரர்கள்தான்.

1. நாக்குத் தடுமாறு, பாடம் வாசி, எல்லாம் குழப்பம் (5)
2. அழைப்பது போலக் கேட்கும் வருமானம் (5)
3. தோலை நீக்கு, நாழியில் பாதி (2)
4. கோபித்துக்கொண்டவர் மிதிக்க மாட்டேன் என்பது (5)
5. உச்சியில் உள்ள கல்லில் முன்பே சொன்னதுதான் (4)
6. வாசிக்கும் பிரிவா? குளிக்க அல்லவா இறங்குகிறார்கள் (5)

விடைகள்: குளறுபடி, வரும்படி, உரி, வாசற்படி, மேற்படி, படித்துறை. ஆறாவதில் ‘படி’யும் ‘துறை’யும் சேரும்போது நடுவில் ‘த்’ வருவதால் கட்டம் ஐந்து. நான்கு என்று எண்ணியிருந்தால் அந்தக் கட்டத்தை விட்டிருப்பீர்கள்.